நாடுவாரி அமைப்பிலிருந்து பிராந்தியம், பொருள்பிரிவு என்று மாறப்போகிறோம்: எங்கே உடையும்?

திசைகாட்டி:

வணக்கம். ஆலைகளுக்கு பம்ப், வால்வு செய்து விற்கும் கம்பெனியில் திட்டமிடல் பிரிவில் இருக்கிறேன். 14 நாடுகளில் கிளைகள். இதுவரை நாட்டுக்கு ஒரு எம்.டி.; விற்பனை, சர்வீஸ், கணக்கு, ஆள் எடுப்பது எல்லாம் அவர் கையில். அவரவர் நாட்டுக்கு அவரவரே ராஜா. தலைமையகம் மாதக் கடைசியில் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு பெரிய வாடிக்கையாளர் எங்களைக் கூப்பிட்டு மேஜை மேல் ஐந்து தாள்களைப் பரப்பினார். அவருக்கு ஐந்து நாடுகளில் ஆலை. ஐந்திலும் ஒரே மாடல் பம்ப். ஐந்து தாளும் எங்கள் கம்பெனியின் கொட்டேஷன்தான், மேலே ஒரே லோகோ. குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் ஏறக்குறைய 40 சதவீத வித்தியாசம். "இனி உங்களில் யாரோடு நான் பேசுவது?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கூட்டத்தின் பலன், இப்போது மறுசீரமைப்பு. அமெரிக்கக் கண்டங்கள் ஒன்று, ஐரோப்பா-மத்தியக் கிழக்கு-ஆப்பிரிக்கா ஒன்று, ஆசியா-பசிபிக் ஒன்று என மூன்று பிராந்தியம். அவற்றுக்குக் குறுக்கே, சரக்கு வகைக்கு ஒன்றாக நான்கு உலகளாவிய பொருள்பிரிவுகள். ஜனவரி 1 முதல் அமல். கன்சல்டன்ட் கொடுத்த 60 ஸ்லைடு அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

லாப நட்டப் பொறுப்பு பிராந்தியத் தலைவருக்கா, பொருள்பிரிவுத் தலைவருக்கா? நாட்டு எம்.டி.க்களை என்ன செய்வது? இந்த வழியில் போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முருங்கைமரம்:

ஏழு வருடத்தில் நான்கு ரீஆர்க் (மறுசீரமைப்பு) பார்த்தவன் நான். நாடுவாரி, பிராந்தியவாரி, பொருள்வாரி, மறுபடியும் நாடுவாரி. வேதாளம் ஏறும், இறங்கும். இடையில் விசிட்டிங் கார்டு அடிப்பவருக்கு மட்டும் நல்ல வருமானம்.

பழைய கணக்கன்:

முருங்கைமரம் சொல்வது கிண்டல் இல்லை, சரித்திரம். மின்சாதனக் கம்பெனி ஏபிபி-யின் கதையைப் பாருங்கள். ஸ்வீடனின் அசேயா (ASEA) கம்பெனியும் ஸ்விட்சர்லாந்தின் பிரவுன் பொவேரியும் 1988-ல் ஒன்றானபோது அதன் தலைவர் பெர்சி பார்னெவிக் போட்டதுதான் மேட்ரிக்ஸுக்கே, அதாவது குறுக்கும் நெடுக்குமான அமைப்புக்கே, இலக்கணம் என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பக்கம் தொழில் பிரிவுகள், இன்னொரு பக்கம் நாடுகள். 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைச் சுமார் 5,000 லாப மையங்களாக நறுக்கினார். சூரிச் தலைமையகத்தில் இருந்தது இருநூறுக்கும் குறைவான ஆட்கள். ஒவ்வொரு லாப மையத் தலைவருக்கும் இரண்டு மேலாளர்கள்: நாட்டுக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர்.

பார்னெவிக் இருந்தவரை ஓடியது. ஏன் ஓடியது என்றால், அவர் விமானத்திலேயே குடியிருந்தார்; இரண்டு மேலாளரும் மோதினால் தீர்த்துவைக்க அவர் இருந்தார். அவருக்குப் பின் வந்த கோரன் லிண்டால் 1998-ல் பிராந்திய அடுக்கையே எடுத்துவிட்டார். ஆனாலும் நாடு, பிராந்தியம் என்ற எலும்புக்கூடு போகவில்லை. 2018 டிசம்பரில் பவர் கிரிட்ஸ் பிரிவை ஹிட்டாச்சிக்கு விற்பதாக அறிவித்த அதே நாளில்தான் "பழைய மேட்ரிக்ஸை இத்தோடு முடிக்கிறோம்" என்றும் அறிவித்தார்கள். 1988-ல் போட்ட முடிச்சை அவிழ்க்க முப்பது வருடம்.

2002-ல் ஏபிபி கிட்டத்தட்ட மூழ்கியதற்கு மேட்ரிக்ஸைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். கடனும் ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளும்தான் அங்கே பிரதான வில்லன்கள்.

திசைகாட்டி சாருக்கு என் கேள்வி ஒன்றே ஒன்று. பிராந்தியமும் பொருள்பிரிவும் முட்டிக்கொள்ளும். அந்த 60 ஸ்லைடில் தீர்ப்பு சொல்பவர் யார் என்று எந்த ஸ்லைடில் இருக்கிறது?

திசைகாட்டி:

தேடிப் பார்த்தேன் ஐயா. 41-வது ஸ்லைடில் "கூட்டாக முடிவெடுக்கப்படும்" என்று இருக்கிறது.

முருங்கைமரம்:

கூட்டாக முடிவெடுக்கப்படும் என்றால் ராத்திரி 11 மணிக்கு கான்ஃபரன்ஸ் கால் என்று அர்த்தம்.

தறிநாடா:

நான் வாகன உதிரிபாகத் துறை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஃபோர்டு 2000. ஃபோர்டு தலைவர் அலெக்ஸ் ட்ராட்மன் 1994 ஏப்ரலில் அறிவித்தார், 1995 ஜனவரி 1 முதல் அமல். (உங்களுக்கும் ஜனவரி 1!) வட அமெரிக்க ஃபோர்டும் ஐரோப்பிய ஃபோர்டும் தனித்தனி ராஜ்யங்கள், இரண்டையும் கலைத்து ஒன்றாக்கி, வண்டி வகைக்கு ஒன்றாக ஐந்து வாகன மையங்கள். நான்கு அமெரிக்கத் தலைமையகமான டியர்பார்னில், சின்ன காருக்கானது மட்டும் ஐரோப்பாவில். ஒரே வேலையை இரண்டு கண்டத்திலும் இரண்டு முறை செய்ய வேண்டாம், பல நூறு கோடி டாலர் மிச்சம் என்பது கணக்கு.

கணக்கில் தப்பு இல்லை. ஆனால் ஐரோப்பியச் சந்தையைக் கவனிக்க என்று ஒரு முழு ஆள் இல்லாமல் போனார். என்ன வண்டி, எப்போது, எந்த விலை என்ற முடிவெல்லாம் கடல் தாண்டிப் போயிற்று. அங்கே பங்கு சரிந்தது. அடுத்து வந்த ஜாக் நாசர் காலத்தில் பிராந்தியங்களுக்கு மறுபடி அதிகாரம் கொடுக்க வேண்டி வந்தது.

அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்துவிட்டது. ஐரோப்பாவில் மொண்டேயோ, அமெரிக்காவில் கான்டூர். ஒரே அடித்தளத்தில் எழுந்த உலகக் கார், மொத்த முதலீடு சுமார் 600 கோடி டாலர். மொண்டேயோ ஓடியது. கான்டூரைப் பார்த்த அமெரிக்கர், "பின் சீட்டில் முட்டி இடிக்கிறதே, இந்த விலைக்கு இவ்வளவுதானா?" என்று நகர்ந்துவிட்டார். 2000-த்தோடு அது நின்றுபோயிற்று. அடித்தளத்தைப் பொதுவாக்கலாம். பின் சீட்டின் அகலத்தைப் பொதுவாக்க முடியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் ஃபோர்டு தலைவராக வந்த ஆலன் முலாலியும் 'ஒன் ஃபோர்டு' என்று ஏறக்குறைய இதே பாட்டைத்தான் பாடினார். இந்த முறை எடுபட்டது. எல்லாப் பிராந்தியத் தலைவரும் எல்லாப் பிரிவுத் தலைவரும் வாராவாரம் வியாழக்கிழமை ஒரே அறையில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டு உண்மை நிலவரத்தைக் காட்டியாக வேண்டும். வழக்குத் தீர்க்கும் இடமும் நாளும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நீலக்கோடு:

சோப்பு, ஷாம்பு விற்கும் பி அண்ட் ஜி-யை விட்டுவிட்டீர்களே. 'ஆர்கனைசேஷன் 2005' என்று 1998-ல் அறிவித்தார்கள். நாடுவாரி அமைப்பை மாற்றி உலகளாவிய பொருள்பிரிவுகள் கையில் லாப நட்டம், உள்ளூர் விற்பனைக்குத் தனி அமைப்பு, கணக்கு-சம்பளம்-ஐ.டி.க்கு எல்லோருக்கும் பொதுவான ஷேர்டு சர்வீஸ். டர்க் யாகர் 1999 ஜனவரியில் தலைவரானார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார். 2000 மார்ச்சில் லாப எச்சரிக்கை வந்த ஒரே நாளில் பங்கு விலை சுமார் 30 சதவீதம் விழுந்தது. ஜூனில் அவர் போய்விட்டார்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பிறகு நடந்ததைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. அடுத்து வந்த ஏ.ஜி. லாஃப்லி அந்த அமைப்பைத் தூக்கி எறியவில்லை. அமைப்புப் படம் ஏறக்குறைய அதேதான். வேகத்தைக் குறைத்தார், பெரிய பிராண்டுகளில் கவனத்தைக் குவித்தார், யார் எதற்குப் பொறுப்பு என்பதைத் தெளிவாக்கினார். ஷேர்டு சர்வீஸ் பகுதியோ பிற கம்பெனிகள் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு வளர்ந்தது. ஆக, தப்பு படத்தில் இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: லாப நட்டத்தை ஒருவரிடம்தான் கொடுக்க வேண்டும். பம்ப், வால்வு என்பது ஆராய்ச்சியும் ஆலை முதலீடும் அதிகம் தேவைப்படும் சரக்கு, நாட்டுக்கு நாடு பெரிதாக மாறாது. பொருள்பிரிவிடம் கொடுங்கள். சர்வீஸ், உதிரிபாகம் மட்டும் பிராந்தியத்திடம் இருக்கட்டும். பம்ப் நின்றுபோன ஆலைக்கு எட்டு மணி நேரத்தில் ஆள் அனுப்புவது தூரத்தில் இருந்துகொண்டு செய்கிற வேலை இல்லை.

முருங்கைமரம்:

பிராந்தியம், பிராந்தியம் என்கிறீர்களே, ஆசியா-பசிபிக் என்பது என்ன? ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, இந்தியா நான்குக்கும் பொதுவாக என்ன இருக்கிறது, வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைத் தவிர? அதுகூடச் சரியாக இல்லை. கான்ஃபரன்ஸ் கால் போட வசதியான நேர வலயத்துக்குத்தான் பிராந்தியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பழைய கம்பெனியில் ஆஸ்திரேலியாவின் சுரங்க வாடிக்கையாளருக்கு வேண்டியதெல்லாம் சிலியில் இருந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்குத் தெரியாது.

நீலக்கோடு:

இது நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன். சுரங்கம், தண்ணீர், ரசாயனம் என்று வாடிக்கையாளரின் தொழில்வாரியாகவும் பிரிக்கலாம். 1990-களின் நடுவில் ஐபிஎம் அப்படித்தான் நாடுகளின் பிடியைத் தளர்த்தித் தொழில்துறை வாரியாக விற்பனையை மாற்றியது. ஆனால் மூன்றாவது அச்சு வைத்தால் திசைகாட்டிக்கு இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும்.

வரிக்குதிரை:

எல்லோரும் யாருக்குக் கீழே யார் என்ற அம்புக்குறி பற்றிப் பேசுகிறீர்கள். நான் வரி ஆள், ஆகவே விருந்து நடக்கும்போது பில்லைக் கொண்டுவருபவள்.

நிர்வாக அமைப்பு வேறு, சட்ட அமைப்பு வேறு. உங்கள் 14 நாடுகளிலும் 14 கம்பெனிகள் பதிவாகியிருக்கும். ஸ்லைடில் அவற்றை ஒரு டப்பாவுக்குள் போடலாம், சட்டத்தில் முடியாது. அங்கே கணக்கில் கையெழுத்துப் போடும் இயக்குனர் அந்த நாட்டுச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "என் பிராந்தியத் தலைவர் சொன்னார்" என்பது கோர்ட்டில் எடுபடாது. ஆகவே நாட்டு எம்.டி.யை நீக்குகிறோம் என்று எழுதும் முன், அந்தக் கையெழுத்தை யார் போடுவார், அதிகாரம் இல்லாமல் பொறுப்பை மட்டும் சுமக்க யார் ஒப்புக்கொள்வார் என்று கேளுங்கள்.

அடுத்தது டிரான்ஸ்பர் பிரைசிங், அதாவது ஒரே குழுமத்தின் கம்பெனிகள் தமக்குள் போட்டுக்கொள்ளும் விலை. இன்றைக்கு நாட்டுக் கம்பெனி சரக்கை வாங்கி, ஸ்டாக் வைத்து, வராக்கடனைச் சுமந்து, லாபமும் பார்க்கிறது. நாளைக்கு விலை, ஸ்டாக், ரிஸ்க் எல்லாவற்றையும் பொருள்பிரிவு எடுத்துக்கொண்டால் நாட்டுக் கம்பெனி வெறும் விற்பனை முகவர் மாதிரி ஆகிவிடும். இந்த வருடம் 8 சதவீத லாபம் காட்டிய கம்பெனி அடுத்த வருடம் 3 காட்டினால் வரித்துறை சும்மா இருக்குமா? "மதிப்புள்ள ஒன்றை வெளியே கொண்டுபோயிருக்கிறீர்கள், அதற்கு என்ன ஈடு கொடுத்தீர்கள்?" என்று கேட்பார்கள். பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓஇசிடி 2010-ல் தன் டிரான்ஸ்பர் பிரைசிங் வழிகாட்டு நெறிகளில் வணிக மறுசீரமைப்புக்கென்றே ஒன்பதாம் அத்தியாயத்தைச் சேர்த்தது இதனால்தான். லாபத்தை நாடு மாற்றி வரி தப்புவதைத் தடுக்க வந்த 2015-ன் பெப்ஸ் அறிக்கைகளுக்குப் பிறகு ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு விடுவதில்லை. ரிஸ்க்கை உண்மையில் யார் கட்டுப்படுத்துகிறார், முடிவெடுக்கும் ஆள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள்.

பிராந்தியத் தலைவர் ஒரு நாட்டில் வீடு எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டுக் கம்பெனிக்காக வழக்கமாக ஒப்பந்தம் பேசி முடித்தால், பர்மனென்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட் (அந்த நாட்டில் நிலையான வணிக இடம் இருப்பதாகக் கருதி வரி கேட்பது) என்ற பூதம் கிளம்பும். உங்கள் மொத்த வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டினால் 15 சதவீத உலகக் குறைந்தபட்ச வரியும் கணக்கில் வரும், அதனால் லாபத்தைக் குறைந்த வரி நாட்டுக்கு நகர்த்துவதில் பழைய ருசி இல்லை. ஸ்லைடு போட்டவர்கள் வரி ஆட்களைக் கூப்பிட்டார்களா? எங்களைக் கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போதுதான் கூப்பிடுவார்கள்.

பழைய கணக்கன்:

அம்மா சொல்வதற்கு மேலே ஒரு சாட்சி. எண்ணெய்க் கம்பெனி ஷெல். ஒரு டச்சு தாய்க் கம்பெனி, ஒரு பிரிட்டிஷ் தாய்க் கம்பெனி, இரண்டுக்கும் தனித்தனி போர்டு, கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு அப்படியே ஓடியது. 2004 ஜனவரியில் எண்ணெய் இருப்புக் கணக்கில் சுமார் 20 சதவீதத்தைக் குறைக்க வேண்டிவந்தபோதுதான் "கடைசிப் பொறுப்பு யாருடையது" என்ற கேள்வி தெருவுக்கு வந்தது. 2005-ல் ஒரே கம்பெனி ஆனார்கள். யூனிலீவருக்கு அந்த இரட்டைக் குடுமியை ஒன்றாக முடிய 2020 நவம்பர் வரை ஆயிற்று. சட்ட அமைப்பு கடைசியில்தான் நகரும்.

கயிற்றுப்பாலம்:

மனிதவளம் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மொத்தம் 1,000 பேரும், இரண்டு நாடுகளில் தலா 150 பேராவது இருந்தால் ஐரோப்பிய ஊழியர் மன்றம் அமைக்கக் கேட்கும் உரிமை ஊழியர்களுக்கு உண்டு. இருந்தால், நாடு தாண்டிய மாற்றத்தைப் பற்றி அவர்களிடம் தகவல் சொல்லிக் கலந்துபேச வேண்டும். முடிவெடுத்த பிறகு தகவல் சொல்வது கலந்துபேசுவது ஆகாது. ஜனவரி 1 என்று தேதி குறித்து ஸ்லைடு போட்டுவிட்டீர்கள் என்பதே அங்கே உங்களுக்கு எதிரான ஆதாரம். ஊழியர் விவரங்களைப் பிராந்தியம் முழுக்க ஒரே கோப்பில் போடுவதானால் 2018 மே முதல் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வேறு.

நாட்டு எம்.டி.க்கள் விஷயம். நான் இருந்த ஒரு கம்பெனியில் முதல் நாளே மூவரை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் 19 வருடம் இருந்தவர். அவர் கிளம்பியபோது கார் சாவி, லேப்டாப், அடையாள அட்டை எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கினோம். இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் அவருடைய சொந்த கைபேசி எண்ணை மட்டும்தான் வைத்திருந்தார்கள் என்பது அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கு ரசீது இல்லை.

பதவிப் பெயரும் ஒரு தொல்லை. ஒரு நாட்டில் துணைத் தலைவர் என்றால் கீழே 300 பேர். இன்னொரு நாட்டில் மூன்று பேர், அதில் ஒருவர் விடுப்பில். இருவரும் ஒரே பிராந்தியக் கூட்டத்தில் உட்காரும்போது சண்டை அம்புக்குறியைப் பற்றி இருக்காது.

பொருள்பட்டியல்:

ஐ.டி. பக்கத்திலிருந்து ஒரே ஒரு சம்பவம். மூன்று நாடுகளின் இஆர்பி-யை (கணக்கு, ஸ்டாக், ஆர்டர் எல்லாம் ஓடும் மென்பொருளை) ஒன்றாக்கினோம். ஒரே சீல் கிட்டுக்கு (கசிவைத் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) ஏழு கோடு இருந்தது, அதைச் சமாளித்துவிட்டோம். ஆனால் ஒரு நாட்டில் அளவு அலகு 'செட்', இன்னொன்றில் 'எண்ணிக்கை'. ஒரு செட்டில் 6 வளையம். இணைத்த மறுநாள் திரையில் 240 கிட் ஸ்டாக் என்று காட்டியது. பிராந்திய விற்பனை ஆள் சந்தோஷமாக 150-க்கு ஆர்டர் ஒப்புக்கொண்டார். கிடங்கில் போய்ப் பார்த்தால் 40 கிட். அந்த 240 என்பது வளையத்தின் எண்ணிக்கை.

அமைப்பு மாறும் தேதியும் இஆர்பி மாறும் தேதியும் ஒன்றாக இருக்கக் கூடாது. யாரும் இதைக் கேட்பதில்லை.

நீலக்கோடு:

திசைகாட்டி, ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஸ்லைடை மூடி வைத்துவிட்டு, உங்கள் கம்பெனியில் உண்மையில் எடுக்கப்படும் முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய தத்துவம் வேண்டாம். 10 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தருவது. புது மாடலை எந்த நாட்டில் முதலில் விடுவது. ஸ்டாக் குறைந்தால் எந்த வாடிக்கையாளருக்கு முதலில் அனுப்புவது. விற்பனை மேலாளரை வேலைக்கு எடுப்பது. இப்படி 30 வரி.

பிறகு பிராந்தியத் தலைவர், பொருள்பிரிவுத் தலைவர், நாட்டு எம்.டி., நிதித் தலைவர், உங்கள் தலைவர் ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஒரே ஒரு பெயர் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பெயர் எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டாக் ஒதுக்கும் வரியில்தான் ரத்தம் சிந்தும், பாருங்கள்.

தறிநாடா:

தனித்தனியாக என்பது முக்கியம். ஒரே அறையில் வைத்துக் கேட்டால் எல்லோரும் தலைவர் முகத்தைப் பார்த்து எழுதுவார்கள்.

திசைகாட்டி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 31 வரி எழுதினேன், ஐந்து பேரிடமும் தனித்தனியாகப் போனேன். ஐவரும் ஒரே பெயரை எழுதியது 9 வரிகளில் மட்டும். தள்ளுபடி வரியில் பிராந்தியத் தலைவர் தன் பெயரை எழுதியிருந்தார், பொருள்பிரிவுத் தலைவர் தன் பெயரை. ஒரு நாட்டு எம்.டி. "வழக்கம் போல நான்தான்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். ஸ்டாக் வரியில் ஐந்து தாளில் நான்கு பெயர். ஐந்தாவது தாளில் "அவசரத்தைப் பொறுத்து".

நீலக்கோடு, ரத்தம் சிந்தவில்லை. ஆனால் தலைவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இப்போதைய நிலை: ஜனவரி 1 என்ற கெடுவைக் கைவிட்டோம். முதல் கட்டமாகப் பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் 20 வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ஒரே கணக்கு மேலாளர், ஒரே விலைப்பட்டியல். குறைந்தபட்ச விலையைப் பொருள்பிரிவு நிர்ணயிக்கும், அதற்குக் கீழே போக யாருக்கும் அதிகாரம் இல்லை. லாப நட்டம் பொருள்பிரிவுக்கு, சர்வீஸ் பிராந்தியத்துக்கு. நாட்டு எம்.டி.க்கள் சட்டப் பொறுப்போடு தொடர்கிறார்கள். ஆள் எடுப்பதிலும் உள்ளூர் அரசு விவகாரத்திலும் அவர்கள் சொல்தான் கடைசி. இருவருக்குத் திருப்தியில்லை. ஒருவர் போய்விடுவார் என்று நினைக்கிறேன்; கயிற்றுப்பாலம் சொன்னபடி அவருடைய வாடிக்கையாளர்களை இப்போதே இன்னொருவரோடு சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். இஆர்பி-யைத் தொடவில்லை.

வரிக்குதிரை:

குறைந்தபட்ச விலையைப் பொருள்பிரிவு நிர்ணயிக்கிறது என்றால் விலை ரிஸ்க் அங்கே போய்விட்டது. அந்தப் பிரிவுத் தலைவர் எந்த நாட்டுக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்று பாருங்கள். ஒப்பந்தங்களை இந்த வருடக் கணக்கு மூடும் முன் மாற்ற வேண்டும். அந்த ஐந்து தாள்களையும் பத்திரமாக வையுங்கள். கிழித்துவிடாதீர்கள்.

திசைகாட்டி:

நல்லவேளை சொன்னீர்கள். எம்.டி. அடிக்கோடு போட்ட தாளைத் தலைவர் கசக்கிப் போட்டுவிட்டார், எடுத்து நீவி வைத்திருக்கிறேன்.

முருங்கைமரம்:

எல்லாம் சரி. அந்த 20 வாடிக்கையாளர் யார் யார் என்று முடிவு செய்வது யார்?

திசைகாட்டி:

32-வது வரியாகச் சேர்த்துவிட்டேன். நாளைக்கு மறுபடி ஐந்து பேரிடமும் போகிறேன்.